சடை வளர்க்கும் விஷயம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நம் பழைய மாணவன் ஒருவனை அவனுடைய தாயார் நம் வீட்டுக்கு அழைத்து வந்தார். அழைத்து வந்தார் என்பதைவிடப் பிடித்துக் கொண்டு வந்தார் என்பதே பொருந்தும். பையனுக்கு வயது முப்பது. பத்தாம் வகுப்பில் நம்மிடம் கணக்குப் படித்தவன். பிறகு பொறியியல் பட்டம் பெற்றுப் பெங்களூரில் ஏழு வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு, இப்போது தகப்பனாரின் இரண்டு ஏக்கர் நிலத்தில் ரசாயன உரம் போடாமல் பயிர் செய்கிறான். இவ்வளவும் அந்த அம்மாளுக்குச் சம்மதமே. சம்மதமில்லாதது அவன் தலை.

"நீங்களே பாருங்க, ஸார்! தலையா இது? வருகிற தை மாசம் தங்கச்சிக்குக் கல்யாணம். பொரி இட வேண்டிய அண்ணன் இந்தக் கோலத்தோடு மணையண்டை வந்து நின்றால் சம்பந்தி வீட்டார் என்ன சொல்லுவாங்க? நீங்க ஒரு வார்த்தை சொன்னால் வெட்டிக் கொள்ளுவான்" என்றார்.

பார்த்தோம். சுண்டு விரல் பருமனில் நாற்பது, ஐம்பது சடைகள் ஆலம் விழுதுகளைப் போல் தோளுக்குக் கீழே தொங்கின. நேயர்கள் பின்னலை நினைத்துக் கொள்ள வேண்டாம். பெண்மணிகள் மூன்று கால் எடுத்துப் பின்னிக் கொள்ளும் ஜடை வேறு; மயிர் தன்னோடு தானே சிக்கி, இறுகி, கயிறாகத் திரண்டு போன சடை வேறு. பின்னதைச் சிவபெருமானுடைய சிரசில் தினமும் பார்க்கிறோம். கல்லில் இருந்தால் கன்னத்தில் போட்டுக் கொள்கிறோம். கணக்குப் படித்த பையன் தலையில் இருந்தால் கல்யாணம் தடைப்படுமோ என்று நடுங்குகிறோம்.

தெரியாத கேள்வி வந்தால், "நாளைக்குச் சொல்கிறேன்" என்பது உபாத்தியாயர்களின் பரம்பரை வித்தை. தீர்ப்புச் சொல்ல நாமும் ஒரு வாரம் தவணை கேட்டோம். அதற்குள் நம் வீட்டு அம்மாள் காப்பியோடு வந்து, நாம் கேட்கத் தயங்கிய கேள்வியைக் கேட்டு விட்டாள்: "ஏன் தம்பி, பேன் பிடிக்காதோ?"

"எல்லாத் தலையிலும் பிடிக்கிறாற்போல் இதிலும் பிடிக்கும், அம்மா. பிடித்தால் போக்குவதுதான் கஷ்டம், சீப்புப் போகாதே!" என்றான். அந்த நேர்மை நமக்குப் பிடித்தது. அரை மணி நேரம் அவனைப் பேசவிட்டுக் கேட்டோம்.

நிலத்துக்கு ரசாயனம் வேண்டாம் என்று தீர்மானித்த பிறகு தலைக்கு மட்டும் எதற்கு என்று தோன்றியதாம். சீப்பையும் புட்டி எண்ணெயையும் ஒதுக்கி வைத்தான். இனித் தலையைப் பற்றிய கவலையே இல்லை என்று நினைத்தானாம். நடந்தது நேர் விரோதம்.

அழுக்குச் சேர்ந்தால் சடை விழும் என்று நாம் எல்லோரும் எண்ணிக் கொண்டிருக்கிறோம். அது தவறு. எண்ணெய்ப் பசை ஏறிய மயிர் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக் கொண்டு போகும். பசை நீங்கி உலர்ந்த மயிர்தான் ஒன்றையொன்று பற்றிக் கொள்ளும். ஆப்பிரிக்க வமிசத்தாரின் சுருண்ட கேசம் விரைவில் திரளும். நம்மவர்களுடைய நீண்ட கேசம் ஒழுங்காகத் திரள ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகலாம். பொறுமையில்லாதவர்கள் தலையைக் கட்டம் கட்டமாக வகிர்ந்து கொண்டு, ஒவ்வொரு கற்றையையும் சீப்பால் நுனியிலிருந்து வேரை நோக்கித் தள்ளிச் சிக்காக்குகிறார்கள். பிரிந்து நிற்கும் மயிரைக் கொக்கி ஊசியால் உள்ளே இழுத்து விடுகிறார்கள். ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர் வரை உதிர்வது சகஜம். நமக்கெல்லாம் அது சீப்போடு போய் விடுகிறது. சடைக்காரனுக்கு உதிர்ந்ததும் சடைக்குள்ளேயே தங்கிவிடும். மயிர் மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலும், திரளும் காலத்தில் உள்ளுக்குள் சுருங்குவதால் தலைமுடி குறைந்து வருவதுபோலவே தோன்றுமாம்.

வாரத்துக்கு ஒரு முறை அலசுகிறான். சீயக்காய்ப் பொடியை அப்படியே தேய்ப்பதில்லை. பொடி சடைக்குள் புகுந்தால் வெளியே வராது. பூந்திக் கொட்டையை ஊற வைத்து, கொதிக்க வைத்து, துணியில் இரண்டு தரம் வடிகட்டிய நீரே உபயோகம். வேரில் விரல் நுனியால் தேய்த்து, சடையைப் பிழிந்து பிழிந்து அலச வேண்டும். அலசுவதைவிட உலர்த்துவதுதான் பெரிய காரியம். ஈரம் உள்ளே நின்றால் பூஞ்சக்காளான் பிடித்து நாற்றம் எடுத்துவிடும். அப்புறம் எந்த வாசனைத் திரவியமும் உதவாது. ஆகையால் காலையிலேயே அலசி, வெயிலில் அரை நாள் உட்கார வேண்டும். மாலையில் அலசுவதோ ஈரத் தலையோடு படுப்பதோ கூடாது. உலர்ந்ததும் ஒவ்வொரு சடையையும் அடுத்ததிலிருந்து வேரோடு பிரித்து விட வேண்டும். மறந்தால் இரண்டு மூன்று ஒன்றாகி, கடைசியில் தலை முழுவதும் ஒரே பாளமாகி விடும். இழுத்து இறுக்கிக் கட்டினாலோ நெற்றி ஓரத்து மயிர் வேரோடு போய், வழுக்கை நிலைத்து விடலாம். களத்தில் வேலை செய்யும்போது துண்டை முண்டாசாகக் கட்டிக் கொள்கிறான். வைக்கோல் தூசியும் நெற்சுணையும் சடைக்குள் ஏறினால் அங்கேயே குடியிருக்கும்.

"இதற்குத் தலை வாரிக் கொள்வதே சுலபம் போலிருக்கிறதே!" என்றாள் நம் வீட்டு அம்மாள்.

"ஆமாம், அம்மா" என்றான் பையன். "வயலும் இப்படித்தான். மருந்து அடிப்பதை நிறுத்தினால் வேலை குறையும் என்று நினைத்தேன். களை எடுத்து முதுகு போயிற்று."

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "ஜமேக்கா, ஸார்" என்று ஒரே வார்த்தையில் விடை சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த வாரம் முழுவதும் புத்தகங்களோடு மாரடித்தோம்.

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்று ஜமேக்கா. கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியாரே அங்கே பெரும்பாலோர். 1930-ல் எத்தியோப்பியாவில் ஹெய்லி செலாஸி சக்கரவர்த்தியாக முடி சூடினார். கறுப்பு மனிதர் ஒருவர் சக்கரவர்த்தி ஆனதைக் கேட்டு ஜமேக்காவின் ஏழைகளில் சிலர் அவரைத் தெய்வ அவதாரமாகவே கொண்டார்கள். அவருடைய இளமைப் பெயரான ராஸ் தஃபாரி என்பதே அந்த மார்க்கத்தின் பெயராயிற்று. சவரக் கத்தி தலையில் படலாகாது என்று பைபிளில் சொல்லியிருக்கும் ஒரு விரதத்தை ஆதாரமாகக் கொண்டு, அவர்களில் பலர் சடை வளர்க்கலானார்கள். அந்தச் சடைக்கு ஏற்பட்ட ஆங்கிலப் பெயரின் முதற் பாதிக்கு அச்சம் என்று பொருள். யாருக்கு அச்சம் என்பது பின்னால் தெரிய வரும். உணவில் உப்பையும் டப்பாவில் அடைத்த பண்டங்களையும் நீக்கி, மண் தருவதை மண் தந்தபடியே உண்ணுவது அவர்களுடைய ஆகார நியமம். தலைக்கு நுரை தருவது சப்பாத்திக் கள்ளியும் கற்றாழையும். நம் ஊர் வேலியோரங்களில் கிடக்கும் அதே சப்பாத்திக் கள்ளிதான்!

ஜமேக்கா 1962 ஆகஸ்டு 6-ந் தேதி சுதந்திரம் பெற்றது. எட்டு மாதம் கழித்து, 1963 ஏப்ரலில், கோரல் கார்டன்ஸ் என்னுமிடத்தில் ஒரு நிலத் தகராறு கலகமாக மூண்டு, போலீஸ்காரர் உட்பட எட்டுப் பேர் மாண்டார்கள். கலகத்தில் ஈடுபட்டவர்கள் மிகச் சிலரே. ஆனால் சடை வைத்தவர்களையெல்லாம் போலீஸார் வேட்டையாடிச் சிறையில் தள்ளினார்கள், அடித்தார்கள், பலருடைய சடையைப் பலவந்தமாக அறுத்தெறிந்தார்கள். அன்னியர் ஆட்சியில் அல்ல. சொந்தக் கொடி பறக்கத் தொடங்கி ஒரு வருஷம்கூட நிறையாத காலத்தில்! 2017-ல்தான் பிரதம மந்திரி ஆண்ட்ரூ ஹோல்னஸ் பார்லிமெண்டில் அதற்காக மன்னிப்புக் கேட்டார்.

அதே 1963-ஆம் வருஷம் டிசம்பரில் ஆப்பிரிக்காவில் கென்யா விடுதலை அடைந்தது. ஆங்கிலேயரை எதிர்த்துக் காட்டிலிருந்து போராடிய மௌமௌ வீரர்கள் தலையில் சடை விழுந்திருந்தது. அவர்களில் ஒருவரான முத்தோனி கிரிமா என்ற வீராங்கனை, காட்டை விட்டு வெளியே வந்த பிறகும் தம் சடையைக் களையவில்லை. போராடியவர்களுக்கு விடுதலையின் பலன் கிட்டவில்லை என்பது அவருடைய மனக்குறை. 2022 ஏப்ரலில், தொண்ணூறு வயதுக்கு மேல், தாமே சம்மதித்துக் களைந்து கொண்டார். மறு வருஷம் காலமானார்.

இதையெல்லாம் படித்தபோது பையன் பக்கம் நம் மனம் சாய்ந்தது உண்மை. ஆனால் சடை என்றாலே விடுதலை என்று முடிவு கட்டிவிடவும் இடமில்லை. கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும், ஜுரத்தினாலோ பராமரிப்பில்லாமையாலோ ஒரு பெண்ணின் தலையில் சடை விழுந்துவிட்டால், எல்லம்மாள் அழைத்து விட்டாள் என்று சொல்லி, அவளைத் தேவிக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் இருந்தது. கர்நாடக சர்க்கார் 1982-ல் சட்டம் செய்து பொட்டுக் கட்டுவதைத் தடுத்தார்கள். ஆயினும், களைந்தால் தெய்வக் குற்றம் நேரும் என்ற பயத்தில் கழுத்து வலியையும் தலைப் புண்ணையும் சகித்துக் கொண்டு அந்தப் பாரத்தைச் சுமக்கும் பெண்கள் உண்டு. நரேந்திர தபோல்கர் 1989-ல் ஸ்தாபித்த மூடநம்பிக்கை ஒழிப்புச் சங்கத்தின் தொண்டர்கள், அத்தகைய பெண்களுடன் பல முறை பேசி, பயத்தைத் தெளிவித்து, அவர்களுடைய சம்மதத்தின்மேல் சடையைக் களைகிறார்கள். தபோல்கர் 2013-ல் புனாவில் சுட்டுக் கொல்லப்பட்டார், தொண்டு நிற்கவில்லை. இங்கே கத்தரியைப் பிடித்தவர்கள் முதலில் கேட்டுவிட்டுப் பிடித்தார்கள்.

இனிச் சொல்லப் போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தோம்.

ஜமேக்காவில் 2018-ல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைச் சடையோடு சேர்த்துக் கொள்ள ஒரு பள்ளிக்கூடம் மறுத்தது. சுகாதாரம் என்று காரணம் சொன்னார்கள். பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 2020-ல் கோர்ட்டு பள்ளிக்கூடத்தின் பக்கமே தீர்ப்புச் செய்தது. 2024-ல் அப்பீல் கோர்ட்டு அதை மாற்றி, குழந்தையின் உரிமை மீறப்பட்டது என்று கூறிற்று. இதைப் படித்த இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

நாம் உத்தியோகத்தில் சேர்ந்த இரண்டாம் வருஷம். ஆறாம் வகுப்பில் ஒரு பையன். பின்னந் தலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சடை. குலதெய்வத்துக்கு வேண்டிக் கொண்டு விட்டிருப்பதாகவும், ஆடி மாதம் கோயிலில் இறக்கப் போவதாகவும் சொன்னான். அப்போது ஆனி மாதம். பள்ளிக்கூடத்தில் ஒழுங்குப் பரிசோதனை வர இருந்தது. நாம் அவனைத் தெருக்கோடியிலிருந்த முடிதிருத்தும் கடைக்குக் கையைப் பிடித்து அழைத்துச் சென்றோம். கூலியையும் நாமே கொடுத்தோம். ஏழைப் பையனுக்கு உபகாரம் செய்வதாகவே நினைப்பு. பையன் அழவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை.

மறுநாள் அவன் தாயார் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். சண்டை பிடிப்பார் என்று நாம் ஏதேதோ நியாயங்களைத் தயார் செய்து கொண்டு போனோம். அவர் கேட்டது ஒன்றே: "வாத்தியாரய்யா, அந்த முடி எங்கேங்க? சாமிக்குக் கொடுக்கணும்."

கடைக்கு ஓடினோம். முதல் நாள் மாலையே பெருக்கிக் குப்பையில் கொட்டியாகி விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாயும் மகனும் மறுபடி வந்தார்கள். வெட்டிக் கொள் என்று அவனிடம் நாம் சொல்வதற்கில்லை என்று அந்த அம்மாளிடம் தெரிவித்தோம். ஏன் என்று கேட்டார். மேலே கண்ட கதையை, முடிதிருத்தும் கடை உட்பட, ஒன்று விடாமல் சொன்னோம். பையன் தரையைப் பார்த்துக் கொண்டிருந்தான். அம்மாள் வெகு நேரம் பேசவில்லை. வெற்றிலைத் தட்டை நம் வீட்டு அம்மாள் நீட்டியபோதுகூட எடுத்துக் கொள்ளவில்லை. பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"முகூர்த்தம் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை காலையில் அலசினால் காயுமாடா?"

"தை மாசப் பனியில் சந்தேகம், அம்மா."

"அப்போ புதன்கிழமையே அலசிடு. வியாழக்கிழமை பந்தல் வேலை இருக்கு. பூந்திக் கொட்டை நான் வாங்கி வைக்கிறேன்" என்றார்.