302 இப்போது கொலை வழக்கு அல்ல

302 என்றால் கொலை. நாலு தமிழ்ப் படம் பார்த்தவருக்குக்கூடத் தெரிந்த கணக்கு அது. 2024 ஜூலை 1-ஆம் தேதியோடு அது மாறிப்போனது. பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்குத் தண்டனை சொல்வது 103-ஆம் பிரிவு. மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுகிறவர் மீதுதான் இனி 302 பாயும்.

அதற்காகப் பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட முடியாது. ஜூன் 30 வரை நடந்த குற்றங்களுக்கு 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம்தான். அந்த வழக்குகளும் மேல்முறையீடுகளும் முடியப் பல ஆண்டுகள் ஆகும். கிரிமினல் வக்கீலின் மேஜையில் இரண்டு தலைமுறைச் சட்டமும் இருந்தாக வேண்டும்.

பழைய பிரிவு, புதிய பிரிவு என்று எதிரெதிரே அச்சிட்ட ஒப்பீட்டு அட்டவணை கைவசம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது. சிசிடிவி பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. அட்டவணை அந்தப் பிரிவுக்கு நேரே புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஐக் காட்டும். ஆனால் புதிய சான்றிதழுக்கு இரண்டு பாகங்கள். ஒன்றில் பதிவைத் தாக்கல் செய்பவரும், மற்றொன்றில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். தீர்ப்பை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர் குறுக்கு விசாரணையில் இதைக் கோட்டை விடுவார்.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரைக் கூண்டில் மடக்க மோடி வேண்டும். (ஜெய்சிங் மோடி, மருத்துவச் சட்டவியல் நூலாசிரியர்.)

இதெல்லாம் காசு பிடிக்கும் சமாச்சாரம். தனியார் தீர்ப்புத் தளங்களின் ஆண்டுச் சந்தா, ஜூனியரின் வருமானத்துக்குக் கட்டுப்படியாகாது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தொடங்கிய இ-எஸ்சிஆர் தளம் இலவசம். சில தீர்ப்புகள் தமிழிலும் கிடைக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் விளக்கவுரை நூல்களுக்கு அது ஈடாகாது.

சட்டத்தை மாற்றிய அரசு, அதைப் படிக்கும் செலவை வக்கீல் தலையில் மட்டும் கட்டியது நியாயமில்லை. சட்ட உதவி வக்கீலை நம்பி நிற்கும் விசாரணைக் கைதிக்கும் அதில் பங்கு போகிறது. தாலுகா நீதிமன்ற வளாகம் ஒவ்வொன்றிலும் இரு சட்டத் தொகுதிகள், அவற்றின் விளக்கவுரைகள், மோடி, ஒரு கணினி, ஒரு சந்தா ஆகியவை வேண்டும். பார் கவுன்சிலும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்துகொண்டு, நூலகத்தை மாலையிலும் திறந்து வைக்கட்டும்.