பார்ஸ்டோவில் 'சிறந்த பாபிகியூ': ஆருக்குச் சிறந்தது?

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் பார்ஸ்டோ எண்டொரு ஊர். ஏறத்தாழ 25,000 பேர். லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து லாஸ் வேகாஸ் போற ஐ-15 நெடுஞ்சாலையில் கிட்டத்தட்ட நடுவழி. நாட்டைக் குறுக்கறுத்து வட கரோலைனா வரைக்கும் போற ஐ-40 தொடங்குறதும் அங்கேதான். இப்பிடியான ஊருக்கும் 'சிறந்த பாபிகியூ கடைகள்' எண்டு பட்டியல் போடுறாங்கள். அந்தப் பட்டியல்களில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை.

நட்சத்திரம் குத்தினது ஆர்? பெற்றோல் அடிக்க இறங்கி, முக்கால் மணித்தியாலத்தில் சாப்பிட்டிட்டு, திரும்ப வாகனத்தில் ஏறின ஆக்கள். சாப்பாடு கெதியா வந்ததா, ஏசி வேலை செய்ததா, கழிப்பறை துப்பரவா இருந்ததா? கோடையில் 40 பாகை தாண்டுற இடத்தில் இது நியாயமான கேள்விதான். ஆனால் பேர்கருக்குக் கேக்கிற கேள்வி. (டெல் டாக்கோ எண்ட துரித உணவுச் சங்கிலி 1964இல் பிறந்ததும் பக்கத்து யேர்மோவில்தான். அந்த வேகத்துக்கு அந்த றோட்டு நல்லாப் பழகினது.)

பாபிகியூவுக்கு அவசரம் சரிவராது. பிறிஸ்கெற் எண்டது மாட்டின் நெஞ்சுப் பக்க இறைச்சி. சும்மா வாட்டி எடுத்தால் செருப்புத் தோல். 110, 120 பாகை செல்சியஸ் சூட்டில், விறகுப் புகையில், பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் கிடந்தால்தான் அதுக்குள்ள இருக்கிற கொலாஜின் உருகி ஜெலற்றின் ஆகும். இரவு அடுப்பு மூட்டினவனுக்குத்தான் மத்தியானம் இறைச்சி. முடிஞ்சால் முடிஞ்சதுதான், உடன திரும்பச் சமைக்கேலாது. ரெக்சாஸில் லெக்சிங்ரன் எண்ட சின்ன ஊரில் 'ஸ்னோஸ்' கடை சனிக்கிழமை மட்டும்தான் திறக்கும். 2008இல் 'ரெக்சாஸ் மந்த்லி' சஞ்சிகை அதை மாநிலத்திலேயே முதலாவது எண்டது. அதே கடை பார்ஸ்டோவில் இருந்திருந்தால், செவ்வாய்க்கிழமை வந்தவர் 'பூட்டிக் கிடந்தது' எண்டு ஒற்றை நட்சத்திரம் போட்டிட்டுப் போயிருப்பார்.

இதைவிடக் கோபம் வாறது வேற விசயத்தில். நாங்கள் திரையில் பாக்கிற பாபிகியூக்காரர் ஆர்? கௌபோய் தொப்பி போட்ட வெள்ளைக்காரர். தெற்கில் குழி வெட்டி, நெருப்புக் காத்து, இரவிரவா முழு மிருகத்தை வாட்டினது பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். கன்சாஸ் சிற்றியின் புகழ்பெற்ற பாபிகியூ மரபைத் தொடக்கி வைச்ச ஹென்றி பெரியும் கறுப்பினத்தவர்தான். இந்த ஆக்களை ஊடகங்கள் எப்பிடி ஓரங்கட்டிச்சுது எண்டு ஏட்ரியன் மில்லர் 2021இல் 'பிளக் ஸ்மோக்' எண்டு ஒரு முழுப் புத்தகமே எழுதவேண்டி வந்தது.

அமெரிக்க நெடுஞ்சாலைகளுக்கு முந்தி இன்னொரு பட்டியலும் இருந்தது. ஹார்லெமைச் சேர்ந்த தபால் ஊழியர் விக்டர் கிரீன் 1936இல் தொடங்கின 'கிரீன் புக்'. கறுப்பினப் பயணிக்கு எந்தக் கடையில் சாப்பாடு குடுப்பினம், எங்க படுக்க விடுவினம் எண்டதுதான் அதின்ர விசயம். 1960கள் வரைக்கும் அது தேவைப்பட்டது. பார்ஸ்டோவுக்குள்ளால போன பழைய ரூட் 66இல் கறுப்பின ஆக்கள் இருட்டினாப் பிறகு நிக்கவே கூடாத ஊர்களும் இருந்தது. இறைச்சியைப் பதமா வாட்டத் தெரிஞ்சவருக்கே றோட்டோரக் கடையில் ஒரு கதிரை கிடையாது. அந்தப் பட்டியலில் பிழை விட்டால் உயிர் போகும். இப்பத்தையானில் பிழை விட்டால் ஒருத்தருக்கு சோஸ் கொஞ்சம் இனிப்பாப் போகும், அவ்வளவுதான்.

பட்டியல் போடத்தான் வேணுமெண்டால் இதுகளை எழுதுங்கோ: அடுப்பில் விறகா, காஸா? எந்தக் கிழமை திறக்கும்? இறைச்சி எத்தனை மணிக்கு முடியும்? இரவு நெருப்புக்குப் பக்கத்தில் முழிச்சிருக்கிறது ஆர், அவருக்கு என்ன சம்பளம்? பத்துக் கடை தேறாட்டிப் பரவாயில்லை, ஒண்டை மட்டும் போடுங்கோ.