சிறை கண்டவர்களுக்குச் சட்டம் எழுதும் மேசையில் இடமுண்டா?

பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக என்ன வர வேண்டும் என்ற பேச்சு, ஆட்சிகள் மாறியும் ஓயவில்லை. சட்டத்தரணிகளும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் இராஜதந்திரிகளும் கருத்துச் சொல்கிறார்கள். அச்சட்டத்தின் கீழ் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தவர்களிடம் கேட்பவர்கள்தான் குறைவு.

சிறையிலிருந்து வந்தவர்களே முன்னின்று சட்டத்தை மாற்றிய ஓர் உதாரணம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உண்டு. பாரதூரமான குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஒருவர், அதை அனுபவித்து முடித்த பின்னரும் அங்கு வாக்குரிமையை இழந்தவராகவே இருந்தார். டெஸ்மண்ட் மீட் அவர்களில் ஒருவர். 2004இல் விடுதலையாகி, வீடின்றி அலைந்து, பின்னர் சட்டப் பட்டம் வரை படித்தவர். அவருடைய மனைவி மாநில சட்டசபைக்குப் போட்டியிட்டபோது, மனைவிக்கு வாக்களிக்க அவரால் முடியவில்லை.

அவரும் அவரைப் போன்றவர்களும் ஊர் ஊராகச் சென்று 7 இலட்சத்துக்கும் அதிகமான கையொப்பங்களைத் திரட்டினார்கள். 2018 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 60 சதவீதம் தேவைப்பட்டது, ஏறத்தாழ 64.5 சதவீதம் கிடைத்தது. கொலை, பாலியல் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களைத் தவிர்த்து, சுமார் 14 இலட்சம் பேருக்குக் கதவு திறக்கும் என்று கணக்கிடப்பட்டது. ஆனால் அடுத்த ஆண்டே மாநில சட்டசபை, அபராதமும் நீதிமன்றக் கட்டணங்களும் செலுத்தி முடித்தால்தான் வாக்கு என்று சட்டம் இயற்றியது. யார் எவ்வளவு கடன் என்று ஒரே இடத்தில் பார்க்கக்கூடிய பதிவேடுகூட அங்கு இருக்கவில்லை! வென்ற பிறகும் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. நிதி திரட்டி, மற்றவர்களின் நிலுவைகளைக் கட்டினார்கள்.

நம் நாட்டு அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரையை எத்தனை பேர் வாசித்திருப்போம்? இரண்டு வருடமோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய குற்றத்துக்காக ஆறு மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர், அதை முடித்து வந்த பின்னும் ஏழு வருடங்களுக்கு வாக்காளராக முடியாது. இதைப் பற்றி எந்தத் தேர்தல் மேடையிலும் நான் கேட்டதில்லை. கேட்க வேண்டியவர்களுக்கு வாக்கு இல்லையே, யார் பேசுவார்கள்?

1979இல் தற்காலிகமாக வந்து நிரந்தரமான பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கதை இதைவிடக் கடுமையானது. அங்கே தண்டனைக்கு முன்பே காலம் போய்விடுகிறது. 2022 திருத்தம் தடுப்புக்காவல் உத்தரவின் உச்ச எல்லையை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலுள்ள ஒருவரிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகும் ஏற்பாட்டை அது அகற்றவில்லை.

ஆசிரியர் என்ற வகையில் என்னை அதிகம் உறுத்துவது அஹ்னாப் ஜஸீமின் வழக்கு. அவரும் ஆசிரியர், கவிஞர். ஒரு கவிதை நூலுக்காக 2020 மே மாதம் கைதானார். 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை. அந்த நூலில் தீவிரவாதத்தைச் சாடும் கவிதைகளும் இருந்தன என்பது தமிழில் படித்தவர்களுக்குத் தெரியும். பிழையான வியாக்கியானம் ஒரு மனிதனின் ஒன்றரை வருடத்தை எப்படி விழுங்கும் என்பதை அவரைவிடத் தெளிவாக எந்த நிபுணர் சொல்லிவிடப் போகிறார்?

அரசாங்கம் அழைக்கவில்லை என்று குறை சொல்வது இலகு. நாம் என்ன செய்தோம்? 2019க்குப் பிறகு உள்ளே போய் வந்தவர்கள் எத்தனை ஊர்களில் தொழில் இழந்து, கூட்டங்களில் ஓரமாக அமர்த்தப்பட்டார்கள்! குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்ன பிறகும் “அவரை முன்னுக்கு விடாதீர்கள், பிரச்சினை வரும்” என்று தாழ்ந்த குரலில் சொல்பவர்கள் நம்மவர்கள்தான். மீண்டும் விசாரணைக்கு அழைப்பார்களோ என்ற பயம் அவர்களுக்கும் இருக்கிறது, அது நியாயமானது. பெயரை வெளியிடாமல் அவர்களின் அனுபவத்தை எழுத்தில் பெற்று, சட்டத்தரணிகளின் உதவியுடன் தொகுக்க முடியும். சட்டமூலம் வர்த்தமானியில் வந்த பிறகு கிடைப்பது சொற்ப நாட்கள். அந்தத் தொகுப்பு அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.