வாயைத் திறக்குமுன் ஒரு மூச்சு

சாயங்காலம் ஆறு மணிக்கு நம் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் பார்க்கில் உட்கார்ந்தால் நமக்குள் ஒரே பேச்சுதான். "எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான்." "ரூம் கதவைச் சாத்தினால் சாப்பாட்டுக்குத்தான் திறக்கிறாள்." "மெடிடேஷன் கிளாஸில் சேர்த்துவிட்டேன், சனி ஞாயிறு போகிறான்." எந்த ஆப்பில் தமிழ்க் குரல் வருகிறது, கட்டணம் எவ்வளவு என்ற விவரமெல்லாம் கைமாறுகிறது. இருட்டியதும் எழுந்து வீட்டுக்குப் போகிறோம். போன பத்தாவது நிமிஷம் நம் வீடுகளில் என்ன சத்தம் கேட்கிறது என்பது மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் தெரியும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், என் வீட்டுச் சங்கதியைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். போன வருஷம் என் மகள் கணக்குப் பேப்பரில் கையெழுத்து வாங்க வந்தாள். 40-க்கு 17. பேனா மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டியவள், சட்டென்று இரண்டு தோளையும் காதுவரை தூக்கிக்கொண்டாள். நான் அதுவரை வாயே திறக்கவில்லை. "ஏண்டி இப்படி ஒடுங்கிக்கிட்டு நிக்கிறே?" என்றேன். "நீ மூச்சை இழுத்துட்டேம்மா, இப்ப கத்துவே" என்றாள். ஏழாம் வகுப்புப் பிள்ளை. அவளை அந்த மாதம்தான் மூச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்த்திருந்தேன், அவளுக்குப் பதற்றம் அதிகம் என்று!

அந்தப் பதற்றம் எங்கிருந்து வந்தது என்று அன்று இரவு யோசித்தேன். நீங்களும் யோசியுங்கள். வாசலில் சாவி திரும்புகிற சத்தத்திலேயே அப்பா இன்றைக்கு எப்படி வந்திருக்கிறார் என்று நம் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மூக்கு விடைப்பது, தாடை இறுகுவது, பெருமூச்சு எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இத்தனையும் கற்றுக்கொடுத்தது நாம். பிறகு அவர்களையே உட்காரவைத்து, கண்ணை மூடு, அமைதியாக இரு என்கிறோம். இது என்ன நியாயம்?

பிள்ளைகளுக்குப் பள்ளியில் தியானம் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று பிரிட்டனில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய மைரியட் ஆய்வு அது. 84 பள்ளிகள், 8,000-க்கும் மேற்பட்ட வளரிளம் பிள்ளைகள். 2022-இல் முடிவு வந்தது. வழக்கமான மனநலப் பாடங்கள் படித்த பிள்ளைகளைவிட, தியானம் கற்ற பிள்ளைகளின் நிலைமை மேம்படவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்து பார்க்கவே இல்லை. ஆனால் பயிற்சி எடுத்துக்கொண்ட ஆசிரியர்களின் வேலைச் சோர்வு அப்போதைக்குக் குறைந்திருந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் அதுவும் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது. எனக்கு இதில் புரிவது இதுதான்: திணித்தால் பிள்ளைகளிடம் நிற்காது, பெரியவர்களிடமும் விட்டுவிட்டால் நிற்காது. ஆக, விடாமல் செய்யவேண்டியவர்கள் நாம்.

மூச்சைக் கவனிக்கும் இந்தக் கலை பெரியவர்களுக்கென்று வந்ததுதான். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்தைப் பாடியது யோக வழியில் போகிறவர்களுக்கு. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-சின் ஒரு பயிற்சியாக இதை வகுத்தது, தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்கு. மார்க் குறைந்த பிள்ளைக்குத் தண்டனை மாதிரி கொடுக்க யாரும் சொல்லவில்லை. "போ, போய் மூச்சு விட்டுட்டு வா" என்று விரட்டினால் அது முட்டி போடச் சொல்வதற்குச் சமம்.

உடம்பில் நடப்பது எளிய விஷயம். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கும், வெளியே விடும்போது நிதானப்படும். அந்தக் கடிவாளம் வேகஸ் என்ற நரம்பிடம் இருக்கிறது. அதனால்தான் வெளிமூச்சை நீட்டச் சொல்கிறார்கள். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டால் நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. கத்துவதற்கு முன்னால் நாம் செய்வது இதற்கு நேர்மாறு. மார்பு நிறைய இழுத்துக்கொள்கிறோம், விடும்போது வார்த்தையாக விடுகிறோம்.

நான் எங்கே செய்கிறேன் என்று சொல்கிறேன். தியானத்துக்குத் தனி அறை நம்மில் யாருக்கு இருக்கிறது? பாட்டரி ரோட்டு நெரிசலில் ஊர்ந்து வந்து ஸ்கூட்டரை நிறுத்தியதும், ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வண்டிமேலேயே உட்கார்ந்திருப்பேன். ஆறு மூச்சு. ஈஸ்ட் ஸ்டேஷன் பக்கம் ரயில் போகிற சத்தம் கேட்கும், யார் வீட்டிலோ குக்கர் விசில் அடிக்கும். மனசு ஆபீஸுக்கு ஓடும், மேனேஜர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும். ஓடியதைக் கண்டதும் மூக்கு நுனிக்குத் திரும்பக் கூட்டிவர வேண்டும், அவ்வளவுதான். ஓடாமல் இருக்கவேண்டும் என்று முயற்சி செய்யாதீர்கள். ஓடுவதும் திரும்புவதும் சேர்ந்ததுதான் பயிற்சி. பிறகு மாடியேறி, கதவைத் திறப்பதற்கு முன்னால் இன்னொரு மூச்சு. ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். லிஃப்டுக்குள் நிற்கிற நேரத்தில்கூட போனைத் தடவுகிறவர்கள் நாம்.

கணவன் மனைவிக்கும் இதையே சொல்கிறேன். சியாட்டிலில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர், தம்பதிகளைப் பேசவிட்டு அவர்களுடைய இதயத் துடிப்பை அளந்தவர். சண்டையில் துடிப்பு நிமிஷத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாது, குறைந்தது 20 நிமிஷம் விலகி இருங்கள் என்பது அவர் அறிவுரை. எங்கள் வீட்டில் "அப்புறம் பேசலாம்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் தொடர்ந்து போகக்கூடாது என்று வைத்திருக்கிறோம். ஆனால் அப்புறம் கட்டாயம் பேசியாக வேண்டும். நாள்கணக்கில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு அதற்கு அமைதி என்று பேர் வைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அது கத்தலைவிடப் பயம்.

பிள்ளை தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடப் பயந்தால் திறந்தே இருக்கட்டும், மரத்தைப் பார்க்கட்டும். வீசிங் உள்ள பிள்ளையை மூச்சை அடக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்துவிட்டால் மூச்சுப் பயிற்சியை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, பக்கத்து ஊர்க்காரர்கள் பஸ் ஏறி வருகிற இடம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416, இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். அந்த எண்ணைப் பிள்ளைகளின் கண்ணில் படும்படி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவையுங்கள். "எங்க பிள்ளைக்கா?" என்று மானம் பார்க்காதீர்கள்.

நாம் குடியிருக்கிற இந்தப் பகுதி உருவான கதையையும் நினைத்துப் பாருங்கள். 1898-இல் பிளேக் வந்து கண்டோன்மென்ட்டின் நெருக்கமான சந்துகளில் ஜனங்கள் மடிந்தார்கள். ஜனம் காற்றோட்டமாக வாழட்டும் என்று அதற்குப் பிறகுதான் பிரேசர் டவுன் மாதிரி அகலத் தெரு விட்டு, பார்க் விட்டு, இந்தப் பக்கத்து டவுன்களைப் போட்டார்கள். இத்தனை மரம் வைத்துக் கொடுத்தும், வீட்டுக்குள் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நம் கன்னடக்கார அக்கம்பக்கத்தார் மூச்சை "உசிரு" என்கிறார்கள். நமக்கோ உசிரு என்றால் பிள்ளைதான்.

நாளைக்குச் சாயங்காலம் பார்க்கில் பார்க்கலாம். எந்த கிளாஸ் நல்ல கிளாஸ் என்று என்னிடம் கேட்காதீர்கள். இன்று ராத்திரி கதவைத் திறப்பதற்கு முன்னால் நின்றீர்களா என்றுதான் நான் உங்களைக் கேட்பேன்.