நுழைவதெல்லாம் பொருந்துவதல்ல

தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி உரிமத்தோடு கைக்கு வந்தால், பலரும் பார்ப்பது ஒன்றே ஒன்று: தோட்டா உள்ளே போகிறதா? அது போதாது என்பதே என் கட்சி.

ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், அதில் ஒன்றின் விட்டம்தான் 12 போர். 20 போர் அதைவிடச் சிறியது. அந்தத் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய்ச் சற்றுத் தள்ளிச் சிக்கிக்கொள்ளும். அறை காலி என்று எண்ணி, பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வைத்தது இதற்காகத்தான்.

நீளமும் அப்படியே. பழைய பிரெஞ்சுத் துப்பாக்கிகள் பலவற்றில் குழலின் அடியில் '16-65' என்பதுபோல் பொறித்திருக்கும். 65 என்பது அறையின் நீளம், மில்லிமீட்டரில். 70 மி.மீ. தோட்டாவும் அதில் நுழைந்துவிடும். அந்த 70, சுட்டபின் வாய் விரிந்த நீளம். விரிய இடமில்லையென்றால் அழுத்தம் எகிறும்.

ஆகவே குழலில் உள்ள எண்களையும் தோட்டாப் பெட்டியில் உள்ள எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்து தேய்ந்திருந்தால், விவரம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக் அளந்து சொல்லும்வரை அது பூட்டியே இருக்கட்டும்.