சொல்லும் பொருளும்: 'எமுலேட்'

பிறரைப் பார்த்துச் செய்வதைக் குறிக்க ஆங்கில பாஷையில் ஒரு சொற்குடும்பமே இருக்கிறது. அதில் ஒன்று 'இமிடேட்'. அதற்குப் புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. 'காப்பி' என்பது உள்ளதை உள்ளபடியே பெயர்த்து வைப்பது. நம் மாணாக்கர்கள் இதனுடன் 'அடித்தல்' என்பதைக் கூட்டி, தமிழ் வீட்டுப் பிள்ளையாகவே ஆக்கிக்கொண்டார்கள். 'மிமிக்' என்பது குரலையும் நடையையும் அப்படியே காட்டுவது. பெரும்பாலும் சிரிப்பு மூட்டுவதற்காக. 'ஏப்' என்பதோ வாலில்லாக் குரங்கின் பெயர். அதுவே வினையாகும்போது பரிகாசமும் கூடவே வந்துவிடுகிறது.

இந்தக் குடும்பத்தில் பிறந்தும் குணத்தில் வேறுபட்டது 'எமுலேட்'. போட்டியாளன் என்று பொருள்படும் லத்தீன் பதத்திலிருந்து வந்தது இது. ஷேக்ஸ்பியர் காலத்தில் பொறாமை என்னும் அர்த்தமும் இதற்கு உண்டு. நாளடைவில் பொறாமை கழிந்து மதிப்பு மிஞ்சியது. இன்று, ஒருவரை உயர்ந்தவராகக் கருதி அவருக்கு ஈடாக முயல்வதே இதன் தாத்பரியம்.

தகப்பனாரின் கையெழுத்தை மதிப்பெண் அட்டையில் தானே போட்டுக்கொள்ளும் பையன் செய்வது 'இமிடேட்'. தகப்பனாரைப் போல் நாணயஸ்தன் என்று பெயரெடுக்கப் பாடுபடும் பையன் செய்வது 'எமுலேட்'. முன்னவன் எடுத்துக்கொண்டது உருவத்தை. பின்னவன் எடுத்துக்கொண்டது அளவுகோலை. இதைத் தமிழில் 'பின்பற்றுதல்' என்று சொன்னால் போதாது. பின்பற்றுகிறவன் பின்னாலேயே நின்றுவிடலாம் அல்லவா?

நம்மவர்க்கு இந்த வித்தியாசம் புதிதன்று. நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறையை அடுத்த சீனாபுரமே என்பது கொங்கு நாட்டு வழக்கு. வழிநூல் இன்னது என்று அவர் வகுத்திருக்கிறார். முடிவில் முதல் நூலோடு ஒத்திருக்க வேண்டும். பின்வந்த ஆசிரியன் வேண்டும் வேறுபாடும் அதில் இருக்க வேண்டும். மரபும் கெடக் கூடாது. தொல்காப்பியத்துக்கு வழிநூலாக நின்ற நன்னூலே இதற்குச் சான்று.

ஏட்டில் மாத்திரமா? அடுக்களையிலும் காணலாம். ஆட்டுக்கல்லில் கல் அசையாமல் கிடக்கும். கை குழவியைச் சுழற்றும். 1955-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பி. சபாபதி மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அந்த வழியில் வந்து நெடுங்காலம் நம் வீடுகளில் புழங்கிய கிரைண்டரைக் கவனியுங்கள். அதில் கல் பதித்த பாத்திரம் சுழல்கிறது. குழவி நின்ற இடத்திலேயே நிற்கிறது! கையின் அசைவை அது காப்பி அடிக்கவில்லை. கை அரைத்த மாவுக்கு ஈடான மாவை அரைக்க முயன்றது. பிற்பாடு 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதனால் 'இமிடேட்' இழிவான சொல் என்று எண்ணிவிட வேண்டாம். மணலில் ஆசிரியர் எழுதிய 'அ' மேல் விரலை ஓட்டியே குழந்தை எழுத்துக் கற்றது. அயல்நாட்டு யந்திரத்தைப் பிரித்துப் பார்த்து, அதுபோல் ஒன்று செய்யும் பட்டறைக்காரனும் அப்படியே கற்கிறான். முதற்படி அது. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிடுவதுதான் ஆபத்து.

நம் கவலையெல்லாம் பரீட்சையைப் பற்றியது. உரைநூலை உருப்போட்டு ஒப்பித்தவனுக்கும், அதைப் படித்துத் தன் சொல்லில் எழுதியவனுக்கும் விடைத்தாளில் ஒரே மதிப்பெண் விழுகிறது. பல சமயங்களில் முன்னவனுக்கு இரண்டு கூடவே விழுகிறது. இப்படிப் பத்து வருஷம் பழகிய பிள்ளை, நாளைக்குப் பட்டறையில் புதிதாக ஒன்று யோசிப்பான் என்று எதிர்பார்ப்பது எப்படி?

ஆகவே, பெற்றோர்களுக்கு ஒரு யோசனை. பிள்ளை கட்டுரை எழுதி முடித்ததும், "எதைப் பார்த்து எழுதினாய்?" என்று அதட்ட வேண்டாம். பார்த்து எழுதியிருக்கட்டும். "பார்த்ததில் இல்லாதது இதில் எது?" என்று மாத்திரம் கேளுங்கள். ஒரு வாக்கியத்தையாவது அவன் தொட்டுக் காட்டினால், 'எமுலேட்' என்பதன் அர்த்தத்தை அவனுக்கு நாம் தனியே கற்பிக்க வேண்டியதில்லை.