தொண்டை வலித்தால் மாத்திரையை நிறுத்துங்கள்
தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்குக் கார்பிமசோல் நல்ல மருந்துதான். படபடப்பும் கைநடுக்கமும் சில வாரங்களில் அடங்கத் தொடங்கும். ஆனால் சீட்டு எழுதும்போதே சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களை இம்மருந்து ஏறக்குறைய இல்லாமலே செய்துவிடும். பெரும்பாலும் முதல் 3 மாதங்களில், அதுவும் திடீரென்று. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனை சரியாக இருந்ததே என்று நிம்மதியடைய முடியாது. காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் இவைதான் அறிகுறிகள். நம் ஊரில் இதற்கெல்லாம் மருந்துக்கடையில் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவோம். எனக்கு அந்தப் பழக்கத்தை நினைத்தால்தான் பயம். இந்த அறிகுறிகள் தெரிந்தால் உடனே கார்பிமசோலை நிறுத்தி, அன்றைக்கே மருத்துவமனையில் வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் மருத்துவர் சொன்ன பிறகு தொடரலாம். கண் மஞ்சளித்தாலும் அதே அவசரம்தான். கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். மற்றபடி, தொடக்கத்தில் 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனான டி4 அளவைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைப்பார்கள். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் மாதக்கணக்கில் தாழ்ந்தே கிடக்கும், அதை மட்டும் நம்பக் கூடாது. தொண்டை வலி எச்சரிக்கையை மாத்திரை உறையின் மேலேயே தமிழில் எழுதித் தர மருந்தாளுநருக்கு ஒரு நிமிடம் போதும்.